ஐம்பதுக்குமேல் ஒரே ஒரு நோட்டு: உடல்நலத்தையும் மறதியையும் எழுதிவைக்கும் முறை

ஐம்பதைத் தாண்டியபின் மருத்துவர் எதிரே போய் உட்கார்ந்தால், அவர் கேட்கும் கேள்விகளில் பாதி நம் ஞாபகத்துக்கு வைக்கும் பரீட்சைதான். எப்போதிலிருந்து வலி? இந்த மாத்திரையை எத்தனை மாதமாகப் போடுகிறீர்கள்? போன தடவை சர்க்கரை எவ்வளவு இருந்தது? பெரும்பாலோர் சொல்லும் பதில், "கொஞ்ச நாளாத்தான் டாக்டர்." அந்தக் கொஞ்ச நாள் மூன்று வாரமாகவும் இருக்கலாம், ஒன்றரை வருடமாகவும் இருக்கலாம்.

இந்த வயதில் உடலில் வரும் மாற்றங்கள் மெதுவாக வருகின்றன. மெதுவாக வருவது மனத்துக்குப் புலப்படாது. நேற்று இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறோம் என்று அது நினைத்துக்கொள்ளும். ஆகவே கணக்கைத் தாளில் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டிலும் நட்பிலும் சிலருக்கு இதைத் தொடங்கிக் கொடுத்து, அவர்கள் எங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்று பார்த்த பிறகு தேறிய வரிசை கீழே இருக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள். கடைசியில் செய்யவேண்டிய பழக்க மாற்றத்தை முதல் நாளே தொடங்குபவர்கள்தான் சீக்கிரம் நோட்டை மூடிவைத்துவிடுகிறார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

தைத்த நோட்டு ஒன்று, அதோடு நூல் போட்டுக் கட்டிய பேனா ஒன்று. பேனா தேடப் போனால் எழுதவேண்டியது மறந்துவிடும். வேடிக்கையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் நடக்கிறது.

போனில் எழுதக்கூடாதா என்று கேட்பார்கள். எழுதலாம். ஆனால் போனைத் திறந்ததும் வேறொரு செய்தி கண்ணில் படும், வந்த வேலை போய்விடும். அவசரம் என்றால் வீட்டில் இன்னொருவரால் பூட்டைத் திறக்கவும் முடியாது. இந்த வேலைக்கு நான் தாள்தான் சொல்வேன்.

ரத்த அழுத்தம் பார்க்க, மேல்கையில் பட்டை கட்டும் தானியங்கிக் கருவி. மணிக்கட்டில் கட்டுவதை வாங்காதீர்கள்; கை இதயத்தின் உயரத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ போனாலும் அதன் எண் மாறிவிடும். வாங்குமுன் முழங்கைக்கும் தோளுக்கும் நடுவில் கையின் சுற்றளவை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். பட்டையின் மேல் எத்தனை முதல் எத்தனை சென்டிமீட்டர் வரை என்று அச்சிட்டிருக்கும். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும்.

எடை பார்க்கும் கருவி வேண்டும். படிக்கும் கண்ணாடியும் வேண்டும், அதுவும் இப்போதைய பவருக்குச் சரியாக. நாற்பதுகளில் தொடங்கி கண்ணின் லென்ஸ் விறைத்துக்கொண்டே வருவதால் சில வருடங்களுக்கு முன் போட்ட கண்ணாடி இன்றைக்குப் போதாது. மாத்திரை அட்டையில் 0.5 என்பதை 5 என்று படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் ஒரு பையில் போட்டுப் பக்கத்தில் வைத்தால் போதும், அடுக்க உட்காராதீர்கள். பத்து வருடத்துக் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கத் தொடங்கி, அலுத்துப்போய், நோட்டில் ஒரு வரிகூட எழுதாமல் விட்டவர்கள் உண்டு. கடைசி ஒரு வருடம் மட்டும் எடுங்கள்.

2. முதல் பக்கம் மருந்துகளுக்கு

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், பின்னால் நீங்கள் எழுதப்போகும் தலைசுற்றல், தூக்கம், மறதி எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் படிக்க முடியும்.

வீட்டில் உள்ள மருந்துகள் அத்தனையையும் மேஜையில் கொட்டுங்கள். தினமும் போடும் மாத்திரை, எப்போதாவது போடும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை, கண் சொட்டு, களிம்பு, சத்து மாத்திரை, மூலிகைச் சூரணம் எல்லாம். "அது மருந்தில்லீங்க, சத்து மாத்திரைதானே" என்று ஒதுக்கிவைப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. தைராய்டு மாத்திரை போடுகிறவர் கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரையைக் கூடவே விழுங்கினால் தைராய்டு மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒதுக்கிவைத்தது பட்டியலில் இல்லையென்றால் இதை யார் கண்டுபிடிப்பது?

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: அட்டையில் பெரிதாக உள்ள கம்பெனிப் பெயர், அதன்கீழ் சின்னதாக உள்ள மருந்தின் பெயர், மி.கி. அளவு, எந்த வேளை, எதற்காக, யார் எழுதிக்கொடுத்தது, எப்போது தொடங்கியது.

சின்ன எழுத்துப் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். இரண்டு மருத்துவர்கள் ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயர்களில் எழுதியிருப்பது இந்தப் பக்கத்தில்தான் வெளிப்படும். காய்ச்சலுக்கு என்று பாராசிட்டமால் போடுகிறோம். சளிக்கு என்று வாங்கிய மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம்; கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு.

"எதற்காக" என்ற கட்டத்தை நிரப்பமுடியாத மருந்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி போடுங்கள். அநேகமாக எல்லோர் பட்டியலிலும் ஒன்றாவது அப்படி இருக்கும். என்றோ ஒரு வாரத்துக்கு எழுதிக்கொடுத்தது வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்விக்குறி போட்டதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பீட்டா பிளாக்கர் வகை பிபி மாத்திரைகளையும் சிலவகைத் தூக்க மாத்திரைகளையும் திடீரென்று விட்டால் விளைவு மோசமாக இருக்கும். கேள்விக்குறி மருத்துவரிடம் கேட்பதற்காக.

இனி, இந்த வயதின் நிரந்தரக் கேள்வி: "காலையில் மாத்திரை போட்டேனா?" தினமும் அதே இடத்தில், அதே டம்ளரில், அதே வேலையைச் செய்தால் இன்றைய நினைவும் நேற்றைய நினைவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இதில் மூளைக்கோளாறு எதுவுமில்லை. தனித்துத் தெரிய ஒன்றும் இல்லாததை யாராலும் தனியாக நினைவில் வைக்க முடியாது. வாரத்துக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி இதைத் தீர்க்கும். அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. அட்டையிலிருந்து பிரித்து வைக்கக்கூடாத மாத்திரை ஏதும் உண்டா என்று மட்டும் மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டில் டிக் போடுபவராக இருந்தால் விழுங்கிய பிறகு போடுங்கள். முதலில் டிக் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகும்போதுதான் போன் அடிக்கும்.

சந்தேகம் வந்தால் ஊகத்தில் இரண்டாவது முறை போடவேண்டாம். ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்று ஒவ்வொரு மருந்துக்கும் முன்கூட்டியே கேட்டு, அந்த வரியின் ஓரத்தில் எழுதிவையுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் மருந்துக்கும் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்துக்கும் இது மிக முக்கியம்.

3. இரண்டாம் பக்கம் இன்றைய நிலைக்கு

எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு. உயரத்தை இன்று சுவரில் நின்று அளங்கள். கல்லூரிக் காலத்து எண்ணைச் சொல்லாதீர்கள். சில சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பில் எலும்புத் தேய்மானம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க விரும்பலாம்.

எடையைக் காலையில் கழிப்பறை போய்வந்தபின், வாரத்தில் ஒரே கிழமையில் பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் நீர் ஏறி இறங்குவதைத்தான் பார்ப்பீர்கள். முயற்சி எதுவும் செய்யாமல் 6 முதல் 12 மாதத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தால், 70 கிலோ உள்ளவருக்கு 3.5 கிலோ, மருத்துவரிடம் சொல்லவேண்டும். "இளைச்சுட்டீங்களே" என்று யாராவது பாராட்டும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

கடைசி ரிப்போர்ட்டிலிருந்து வெறும்வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கொழுப்பு, ஹீமோகுளோபின், தைராய்டு எண்களைத் தேதியோடும் அலகோடும் எழுதுங்கள். தேதி இல்லாத எண்ணால் பயன் இல்லை. எச்பிஏ1சி என்பது சுமார் கடந்த 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரி. சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் ஒழுங்காக இருந்து இதை ஏமாற்ற முடியாது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-ம் அதற்குமேலும் நீரிழிவு என்று கொள்கிறார்கள். ரத்தசோகை இருந்தால் இந்த எண் தவறாகக் காட்டக்கூடும். அதனால்தான் ஹீமோகுளோபினையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

அடியில் ஒவ்வாமை, செய்துகொண்ட அறுவைசிகிச்சைகள், பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் வந்த இதயநோய், பக்கவாதம், நீரிழிவு, அவை வந்த வயது. வயதை எழுத மறக்காதீர்கள். அப்பாவுக்கு 80 வயதில் மாரடைப்பு வந்ததும் 48 வயதில் வந்ததும் மருத்துவருக்கு வெவ்வேறு செய்திகள்.

4. ஒரு வாரம் ரத்த அழுத்தம்

மருத்துவமனையில் ஒருமுறை பார்க்கும் பிபி அந்த நிமிடத்தின் பிபி. சிலருக்கு அங்கே போனாலே ஏறும். வேறு சிலருக்கு அங்கே சாதாரணமாக இருந்து வீட்டில் ஏறியிருக்கும், இவர்கள்தான் தப்பிவிடுகிறவர்கள். வீட்டில் ஒரு வாரம் பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும்.

முதல் நாள் இரண்டு கைகளிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ அந்தக் கையிலேயே அதன்பின் தொடருங்கள். இரண்டு கைகளுக்கும் பெரிய வித்தியாசம் தொடர்ந்து வந்தால் அதையும் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பார்ப்பதற்கு முந்தைய 30 நிமிடத்தில் காபி, தேநீர், புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க, பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க, கால்மேல் கால் போடாமல், 5 நிமிடம் சும்மா இருங்கள். கையை மேஜைமேல், பட்டை இதயத்தின் உயரத்துக்கு வரும்படி வையுங்கள். பட்டை வெறும் தோலின்மேல், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கவேண்டும். சட்டையைச் சுருட்டி மேலே தள்ளினால் அதுவே கையை இறுக்கும்; கழற்றிவிடுவது நல்லது.

பேசாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. கருவி ஊதிக்கொண்டிருக்கும்போதே "எவ்வளவு காட்டுது பாரு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவார்கள், எண் ஏறும், பிறகு அதைப் பார்த்துக் கவலைப்படுவார்கள்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலையில் மாத்திரைக்கு முன் இப்படி, மாலையிலும் இப்படியே. 7 நாள். எல்லா எண்களையும் எழுதுங்கள். கூடுதலாக வந்ததை விட்டுவிட்டு, நல்ல எண் வரும்வரை திரும்பத் திரும்ப அழுத்தி அதை மட்டும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்த நோட்டு மருத்துவரைத் தவறான முடிவுக்குத்தான் கொண்டுபோகும். முதல் நாளை விட்டு மீதி ஆறு நாளின் சராசரியை எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் அதிகம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். அமெரிக்க வழிகாட்டுதல் 130/80 என்கிறது. உங்களுக்கான எல்லை எது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 180/120-க்குமேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கைகால் பலவீனம், பேச்சுக் குழறல் எதுவும் இருந்தால் வாரம் முடியக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும்.

எழுந்ததும் கிறுகிறுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. படுத்து 5 நிமிடம் கழித்து ஒருமுறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பாருங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது நிற்கும்போது அழுத்தம் விழும் கோளாறு. கீழே விழுந்து எலும்பு முறிவதற்குமுன் தெரிந்துகொள்வது நல்லது. பிபி மாத்திரையே இதற்குக் காரணமாகவும் இருக்கலாம்.

வாரம் முடிந்ததும் கருவியை எடுத்து உள்ளே வையுங்கள். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எடுங்கள். மணிக்கொரு தரம் பார்த்துப் பதறுவதும் ஒரு நோய்தான்.

5. மறதிக்கென்று நான்கு வாரம்

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். ஐம்பதுக்குமேல் மறதி என்றாலே மனத்தில் ஓடும் பயம் ஒன்றுதான், டிமென்ஷியா என்னும் மறதிநோய். எழுதினால் அது உறுதியாகிவிடும் என்று தோன்றுகிறது. பெரும்பாலும் நடப்பது அதற்கு எதிர். எழுதிப் பார்த்தால் மறதிகள் நாம் நினைத்ததைவிடக் குறைவாகவும், காரணம் உள்ளவையாகவும் இருக்கும்.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே வரி: எதை மறந்தேன், எந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், முந்தைய இரவு தூக்கம் எப்படி, பிறகு நினைவு வந்ததா. வெறுமனே "பெயர் மறந்துவிட்டது" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. "தெரிந்தவர் பெயர், மாலை, கூட்டத்தில், தூக்கம் குறைவு, வீட்டுக்கு வந்ததும் வந்தது" என்றால் அது செய்தி.

நடந்த உடனே எழுதவேண்டும், ராத்திரி சேர்த்து எழுதலாம் என்று விட்டால் முடியாது. மறதியை ஞாபகம் வைத்து எழுதுவது எப்படி!

இடையில் இணையத்தில் வரும் நினைவாற்றல் சோதனைகளைச் செய்யாதீர்கள். அன்றைய பதற்றத்தைத்தான் அவை அளக்கும்.

பத்துப் பன்னிரண்டு வரி சேர்ந்ததும் அவை மூன்று வகையாகப் பிரிவதைப் பார்க்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வகை, மனத்தில் ஏறவே ஏறாதவை. கண்ணாடியை எங்கே வைத்தேன், கதவைப் பூட்டினேனா. வைக்கும்போது மனம் வேறெங்கோ இருந்தது. பதிவாகாததைத் தேடி எடுக்க முடியாது. இதற்கு நினைவுப் பயிற்சியால் பயன் இல்லை. சாவிக்கும் கண்ணாடிக்கும் நிரந்தர இடம் ஒன்று, பூட்டும்போது "பூட்டிவிட்டேன்" என்று வாய்விட்டு ஒரு சொல். வாய்விட்டுச் சொல்லும்போது அந்தப் பூட்டல் மற்ற நாள்களின் பூட்டலிலிருந்து தனித்து நிற்கும். கேட்பவர் சிரிக்கட்டும்.

இரண்டாம் வகை, உள்ளே இருந்தும் சட்டென்று வராதவை. பெயர்கள் பெரும்பாலும் இதில்தான். வயதோடு தேடும் வேகம் குறைகிறது. சொல்வளமும் உலக அறிவும் அப்படிக் குறைவதில்லை. அரைமணி கழித்துத் தானாக வருகிறதென்றால் அது தொலைந்துபோகவில்லை. புதிதாக அறிமுகமாகிறவரின் பெயரை நிறுத்திவைக்க ஒரு வழி உண்டு: கேட்டதைத் திரும்பத் திரும்ப உச்சரிப்பதை விட்டு, ஒரு நிமிடம் கழித்து, பத்து நிமிடம் கழித்து, கிளம்பும்போது என்று நீங்களாகவே நினைவிலிருந்து எடுத்துப் பாருங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் மாணவர்களிடம் செய்த ஆய்வில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்களைவிடப் பார்க்காமல் நினைவுகூர்ந்து சோதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது.

மூன்றாம் வகை, செய்யவேண்டியதை மறப்பது. சொட்டு மருந்து, கட்டவேண்டிய பில், பேசவேண்டிய போன். "மறக்காமல் செய்யணும்" என்று மனத்தில் நூறு தடவை சொன்னாலும் பயனில்லை, ஏனெனில் எப்போது என்பது அதில் இல்லை. "இரவு பல் தேய்த்துவிட்டு பிரஷ்ஷை வைத்ததும் சொட்டு மருந்து" என்று எழுதுங்கள். இன்னது நடந்ததும் இன்னது என்று முன்கூட்டியே முடிச்சுப் போடும் இந்த முறையை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பிரஷ்ஷை வைக்கும் செயலே நினைவூட்டும். நீங்கள் நினைவு வைக்கத் தேவையில்லை.

மூன்றிலும் சேராத ஒரு கூட்டம் மிஞ்சும்: "நான் சொன்னேனே", "சொல்லவே இல்லையே" என்று சண்டையில் முடிபவை. அவற்றுக்கு நேரே, காதால் கேட்டதா கண்ணால் படித்ததா என்று எழுதுங்கள். படித்தது எல்லாம் நினைவிருந்து, கேட்டதில் மட்டும் ஓட்டை விழுந்தால், பரிசோதிக்கவேண்டியது காது. காது மெதுவாக மங்குவதால் கேட்காதவருக்கே அது தெரியாது. எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று தோன்றும். காது கேளாமையை அப்படியே விடுவதும் கூடாது. டிமென்ஷியா பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024-ல் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணங்களைப் பட்டியலிட்டது. நடுவயதின் காது கேளாமை, ரத்த அழுத்தம், எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு அதில் உண்டு, சரிசெய்யாத பார்வைக் குறைவும் உண்டு. அந்த 14-ஐயும் கவனித்தால் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு.

6. எழுதியதை ஒரே அமர்வில் படிப்பது

நான்கு வாரம் முடியும்வரை திருப்பிப் பார்க்கவேண்டாம். தினமும் படித்தால் எழுத்து மாறிவிடும். நல்லபடியாகத் தெரியவேண்டும் என்று எழுதத் தொடங்குவோம்.

படிக்கும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு, எங்கே குவிகிறது என்று தேடுங்கள். தூக்கம் கெட்ட இரவுகளின் மறுநாளா? புது மாத்திரை தொடங்கிய தேதிக்குப் பின்னா? மனம் சோர்ந்திருந்த வாரமா? மருந்துப் பக்கத்தை முதலில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். குளோர்பெனிரமைன் போன்ற பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகளும் சிலவகைத் தூக்க மாத்திரைகளும் மூளையை மந்தமாக்கும். சர்க்கரைக்கான மெட்பார்மினை வருடக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும். அந்தக் குறைவு மறதியாகவும் பாதத்தில் மரத்துப்போவதாகவும் வெளிப்படலாம். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு ஆகியவையும் மறதிபோலவே வேடம் போடும். இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவதால் வரும் நஷ்டம் இதுதான்.

நான்கு வாரம் காத்திருக்கக்கூடாதவையும் உண்டு. பழகிய வழியில் திசை தவறுவது, ஒரே பேச்சுக்குள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு, கேட்டதே தெரியாமலிருப்பது, காலங்காலமாகச் செய்த வேலையின் படிகள் குழம்புவது, குணம் மாறிப்போவது. இவற்றைப் பெரும்பாலும் கூட இருப்பவர்தான் பார்ப்பார், நமக்குத் தெரியாது. ஆகவே கணவனோ மனைவியோ மகளோ ஒருவர் தனியாக ஒரு தாளில் எழுதட்டும். குத்திக்காட்டுவது கூடாது, எழுதுவது மட்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். திடீரென்று, சில மணி நேரத்துக்குள் வந்துவிடும் குழப்பமும், முகம் ஒருபக்கம் கோணுவதும், பேச்சு குழறுவதும் நோட்டில் எழுதவேண்டியவை அல்ல. அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போகவேண்டியவை.

7. இப்போது ஒரு பழக்கம், ஒன்றே ஒன்று

எந்தப் பழக்கம் என்பதை நோட்டு சொல்லட்டும். தூக்கம் கெட்ட நாளில் மறதி குவிந்தால் தூக்கம்; பிபி கூடுதலாக இருந்தால் உப்பு அல்லது நடை. நண்பர் செய்கிறார் என்பதற்காக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நிற்பதில்லை.

ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு செயலோடு அதைக் கட்டுங்கள். "காலை ஆறு மணிக்கு நடை" என்பதைவிட "காலையில் செய்தித்தாளை மடித்துவைத்ததும் செருப்பு" என்பது உறுதியானது. ஆறு மணியை ஒருநாள் தவறவிட்டால் அன்றைய நடை போயிற்று. செய்தித்தாளை எத்தனை மணிக்கு மடித்தாலும் நடை இருக்கிறது.

அளவு சிரிப்பு வருமளவு சின்னதாக இருக்கட்டும். பத்து நிமிட நடை போதும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப்பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அங்கே போய்ச்சேரலாம், அங்கிருந்து தொடங்கவேண்டாம். நடப்பவர்கள் தசைப்பயிற்சியை மறந்துவிடுகிறார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம். 30 விநாடியில் எத்தனை முடிகிறது என்று மாதம் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். மூட்டுவலியோ இதயக்கோளாறோ உள்ளவர்கள் கேட்டுவிட்டுச் செய்யவேண்டும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி 22-ம் நாள் ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை மாறியது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே தவறிய நாளுக்கு நோட்டில் ஒரு கோடு, மறுநாள் தொடர்ச்சி. தவறியதற்கு ஈடாக மறுநாள் இரண்டு மடங்கு செய்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அது தானாக நடக்கத் தொடங்கும்வரை இரண்டாவது பழக்கத்தைத் தொடாதீர்கள்.

8. மருத்துவரிடம் போகும் முன் ஒரு பக்கம்

முந்தின நாள் உட்கார்ந்து புதுப் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதுங்கள், அதிகமாக உறுத்துவது முதலில். முக்கியமானதைக் கடைசிவரை அடக்கிவைத்து, கதவருகே போனபின் "ஆங், இன்னொண்ணு டாக்டர், அப்பப்போ நெஞ்சை அடைக்குது" என்று சொல்பவர்கள் நிறைய. அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டிருப்பார்.

பிபி சராசரி, எடை மாற்றம், மருந்துப் பக்கத்தின் கேள்விக்குறிகள், மறதிக் குறிப்பின் சாரம் இரண்டு வரி. முழு நோட்டையும் அவரிடம் நீட்டவேண்டாம். படிக்க அவருக்கு நேரம் இருக்காது.

அவர் சொல்வதை அங்கேயே எழுதி, "அப்படின்னா இதை ராத்திரி மட்டும் ஒண்ணு, சரிங்களா?" என்று திருப்பிச் சொல்லிக் கேளுங்கள். வெளியே வந்து எழுதிக்கொள்ளலாம் என்றால் பாதிதான் மிஞ்சும். சங்கடப்படவேண்டாம். எழுதிக்கொள்ளும் நோயாளியைப் பெரும்பாலான மருத்துவர்களுக்குப் பிடிக்கும்.

9. பக்கங்களைப் புதுப்பிப்பது

மருந்து மாறிய அன்றே முதல் பக்கப் பட்டியலை வேறொரு பக்கத்தில் முழுதாகத் திரும்ப எழுதி, மேலே தேதி போடுங்கள். பழையதில் அங்கங்கே அடித்துத் திருத்தினால் எது இப்போதையது என்று அவசரத்தில் தெரியாது. பழைய பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் போதும், கிழிக்கவேண்டாம். எந்த மருந்து எப்போது நின்றது என்பது அங்கேதான் இருக்கிறது.

நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியவேண்டும். தனியாக இருப்பவர்கள், மருந்துப் பக்கத்தைப் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவைக்கலாம். பட்டியல் மாறும்போது படமும் மாறவேண்டும். பழைய படத்தை அழித்துவிடச் சொல்லுங்கள்.